ஓங்கிய கைக்கு முன்னால் ஒரு சொல்

2021 ஜனவரித் தொடக்கத்தில் திருவள்ளூர் மாவட்டம் சோழவரம் காவல் நிலையத்துக்கு ஓர் இளம்பெண் தானாகவே வந்தார். உறவுக்காரர் ஒருவர் கத்தியைக் காட்டித் தன்னைப் பாலியல் வன்கொடுமை செய்ய முயன்றதாகவும், அவரைத் தள்ளிவிட்டு அந்தக் கத்தியாலேயே குத்தியதில் அவர் இறந்துவிட்டதாகவும் சொன்னார். அப்போதைய மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் பி. அரவிந்தன் தலைமையிலான காவல்துறை விசாரித்தது. இந்திய தண்டனைச் சட்டத்தின் 100-ஆம் பிரிவின்படி அவர் செய்தது தற்காப்பு என்று முடிவுசெய்து அவரை விடுவித்தது. மதுரையிலும் 2012-இல் இப்படி ஒன்று நடந்தது. பெற்ற மகளையே சீரழிக்க முயன்ற கணவனைக் கிரிக்கெட் மட்டையால் அடித்துக் கொன்ற பெண்ணை, அன்றைய கண்காணிப்பாளர் அஸ்ரா கார்க் இதே பிரிவைக் காட்டிச் சிறைக்கு அனுப்பாமல் விட்டார்.

சோழவரம் 2022 ஜனவரி 1 முதல் புதிதாக உருவான ஆவடி மாநகரக் காவல் ஆணையரகத்தின் கீழ் வந்தது. சென்னைப் புறநகர்களான அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி எல்லாம் அதே ஆணையரகம்தான். 2023 அக்டோபர் 12 அன்று, பாடியநல்லூர் முன்னாள் ஊராட்சித் தலைவர் கொலை வழக்கில் தேடப்பட்ட இருவர் அதே சோழவரம் பகுதியில் போலீஸ் சுட்டு இறந்தார்கள். அவர்கள் தாக்கியதால் தற்காப்புக்காகச் சுட்டோம் என்று காவல்துறை சொன்னது.

சோழவரத்தின் இந்த இரண்டு நிகழ்வுகளுக்கும் பெயர் ‘தற்காப்பு’தான். சட்டத்தில் வேரும் ஒன்றுதான். ஆனால் முதல் நிகழ்வில், கழுத்தருகே கத்தி இருந்த பெண்ணிடம் “நீ முதலில் எச்சரித்தாயா?” என்று கேட்பது அநியாயம். இரண்டாவதில் அதே கேள்வியைக் கேட்காமல் விடுவது அநியாயம். தாக்க வருபவனிடம் ஆயுதம் ஏந்தியவர் முதலில் வாயால் ஒன்று சொல்ல வேண்டுமா, சொன்னால் சட்டம் அதை எப்படி எடைபோடும், சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது யாருக்கு எவ்வளவு நேரம் இருந்தது என்பதைப் பொறுத்தது. நம் சட்டத்தைக் கவனமாகப் படித்தால் அது அந்த நேரத்தைத்தான் அளக்கிறது என்று புரியும்.

சட்ட வாசகத்தில் ‘எச்சரிக்கை’ என்று எதுவும் இல்லை. பாரதிய நியாய சன்ஹிதா 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தனிநபர் தற்காப்பு உரிமையைச் சொல்கின்றன. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையிலான பிரிவுகள்தாம் எண் மாறி வந்திருக்கின்றன. மெக்காலே தலைமையிலான ஆணையம் 1837-இல் வரைவு எழுதியபோது, இந்நாட்டு மக்கள் கொள்ளைக்கும் வன்முறைக்கும் எதிர்த்து நிற்காமல் பணிந்துபோகிறார்கள் என்று கருதியது. கட்டுப்பாடுகளைப் பெருக்குவதைவிட எதிர்த்து நிற்கும் துணிவை ஊட்டுவதே தேவை என்பது அவர்கள் எண்ணம். காலனி அதிகாரியின் பார்வை அது, அதில் இளக்காரமும் உண்டு. ஆனாலும் அதிலிருந்து பிறந்த பிரிவுகள் பாதிக்கப்படுபவர் பக்கம் தாராளமாகவே நிற்கின்றன.

உயிர் போகும் என்ற அச்சம், கொடுங்காய அச்சம், பாலியல் வன்கொடுமை, ஆட்கடத்தல், அமில வீச்சு போன்ற ஏழு நிலைமைகளில் தாக்குபவரின் உயிர் போகும் அளவுக்குக்கூட எதிர்க்கலாம் என்கிறது 38-ஆம் பிரிவு. அமில வீச்சு 2013 திருத்தத்தில் சேர்ந்தது. சொத்தைப் பொறுத்தவரை 41-ஆம் பிரிவு கொள்ளை, சூரியன் மறைந்து உதிக்கும் வரை வீடுபுகுந்து உடைத்தல், குடியிருப்புக்குத் தீவைத்தல், உயிருக்கோ உடலுக்கோ பெருங்கேடு வரும் என்று அஞ்சும் சூழலில் நடக்கும் திருட்டு ஆகியவற்றுக்கு அதே எல்லையை அனுமதிக்கிறது. ஓடிப்போ என்று சட்டம் யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. தர்ஷன் சிங் எதிர் பஞ்சாப் அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010-இல் தற்காப்புக் கோட்பாடுகளைத் தொகுத்துத் தந்தது. தந்தை தாக்கப்பட்டபோது துப்பாக்கியால் சுட்ட மகனை விடுதலை செய்த தீர்ப்பு அது.

இவ்வளவு தாராளத்துக்கும் கடிவாளம் போடுவது 37-ஆம் பிரிவு, அதாவது பழைய 99. அரசு அதிகாரிகளின் பாதுகாப்பை நாட நேரம் இருந்தால் தற்காப்பு உரிமை இல்லை. உரிமை இருக்கும்போதும், தேவைக்கு மேல் ஊறு செய்யக் கூடாது. எச்சரிக்கைச் சொல் சட்டத்துக்குள் நுழைவது இந்த இரண்டு வரிகளின் வழியாகத்தான். ‘நேரம் இருந்ததா?’ என்று நீதிமன்றம் கேட்கும்போது, “கிட்ட வராதே” என்று ஒருவர் இரண்டு முறை கத்தியிருந்தால் அந்தச் சில நொடிகள் என்ன ஆயின என்ற கணக்குக் கிடைக்கிறது. ‘தேவைக்கு மேல் போனாரா?’ என்று கேட்கும்போது, அடி விழாமலே பிரச்சினை முடிய அவர் வழிவிட்டார் என்பதற்கு அந்தச் சொல்லே சாட்சி. எச்சரிக்காதது குற்றமல்ல. எச்சரிக்க முடிந்தும் எச்சரிக்காததுதான் பின்னால் வந்து கழுத்தைப் பிடிக்கும்.

இதைப் புரிந்துகொள்ள 1952-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த அம்ஜத் கான் வழக்கைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. மத்தியப் பிரதேசத்தின் கட்னியில் 1950 மார்ச்சில் கலவரம். பிரிவினையில் அகதிகளாக வந்த சிந்திகளுக்கும் உள்ளூர் முஸ்லிம்களுக்கும் மோதல். ஒரே கட்டடத்தில் இருந்த சகோதரரின் பகுதியைக் கூட்டம் சூறையாடிவிட்டு அம்ஜத் கானின் கதவைத் தடிகளால் அடித்தது. உள்ளே குடும்பம். அவர் சுட்டார், ஒருவர் இறந்தார், சிலர் காயமடைந்தனர். கூட்டம் இன்னும் உள்ளே நுழையவில்லையே, இவர் உடலை யாரும் தொடவில்லையே என்பது எதிர்வாதம். உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பக்கத்தில் என்ன நடந்தது என்று தெரிந்த ஒருவர், கதவு உடையும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அந்தத் தருணத்தின் அச்சத்தை நுட்பமான தராசில் வைத்து நிறுக்க முடியாது என்றது. அவர் விடுதலையானார். அங்கே எச்சரிக்கை என்ன செய்திருக்கும்? வெறிபிடித்த கூட்டத்துக்குக் கேட்டிருக்காது. ஆகவே அது தேவைப்படவில்லை.

ஆனால் அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் வழக்காகிற சண்டைகளில் பெரும்பாலானவை கட்னி மாதிரி இல்லை. இரவில் கிரில்லை அறுத்து வருகிற முகம் தெரியாத திருடனும் உண்டுதான். 2024 ஏப்ரலில் ஆவடி அருகே முத்தாபுதுப்பேட்டை நகைக்கடையில் துப்பாக்கி முனையில் நடந்த கொள்ளையை மறந்துவிட முடியாது. ஆயினும் காவல் நிலையத்துக்கு வருகிற வெட்டு, குத்து வழக்குகளில் எதிரில் நிற்பவர் பெரும்பாலும் தெரிந்தவர்: குடித்துவிட்டு வந்து கதவைத் தட்டும் மைத்துனர், பொதுச் சுவருக்காகத் தகராறு செய்யும் பக்கத்து வீட்டுக்காரர், வண்டி நிறுத்தும் இடத்துக்காகச் சண்டைக்கு வருபவர். பூந்தமல்லி, திருவேற்காடு, பட்டாபிராம் பக்கம் ஏரிக்கரையை ஒட்டியும் வயல்களை அழித்தும் மனைகள் பெருகிய பிறகு, ராத்திரியில் கல் நட்டு வேலி போடுவதும் காலையில் ஜேசிபியோடு வந்து பிடுங்குவதுமாக ஒரு தனி வகைச் சண்டை வந்துவிட்டது.

மனைச் சண்டையில்தான் மக்கள் சட்டத்தை மிகத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். “என் இடத்துல கால வெச்சா வெட்டுவேன், சட்டமே என் பக்கம்” என்று சொல்லக் கேட்கலாம். காலி மனைக்குள் நுழைவது குற்ற அத்துமீறல். அதைத் தடுக்கத் தற்காப்பு உரிமை உண்டு, ஆனால் உயிரைப் பறிக்கும் அளவுக்கு இல்லை. 1968-இன் முன்ஷி ராம் வழக்கிலும் 1975-இன் பூரண் சிங் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இன்னொன்றையும் தெளிவாக்கியது: ஓர் இடத்தை நிலையாக அனுபவித்து வருபவரை, உண்மையான உரிமையாளரே ஆனாலும், பலவந்தமாக வெளியேற்ற முடியாது, நீதிமன்ற வழியில்தான் போக வேண்டும். பத்திரம் கையில் இருப்பது அரிவாளைக் கையில் எடுக்க அனுமதியாகாது. காம்பவுண்டுக்குள் குதித்தவனும் வீட்டுக் கதவை உடைத்தவனும்கூடச் சட்டத்தில் ஒன்றல்ல.

ஆயுதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். படைக்கலன்களுக்குப் பேர்போன ஊர் ஆவடி. முதல் விஜயந்தா டாங்கி இங்குள்ள கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965-இல் வெளிவந்தது. மத்திய ரிசர்வ் போலீஸின் குழு மையமும் தமிழ்நாடு சிறப்புக் காவல் படையின் அணிகளும் இங்கே இருக்கின்றன. ஆனால் சாதாரண வீடுகளில் துப்பாக்கி இல்லை. ஆயுதச் சட்டம் 1959-இன்படி உரிமம் வேண்டும். ஆணையரக எல்லைக்குள் அதைத் தருபவர் காவல் ஆணையர். தேர்தல் அறிவிப்பு வந்தால் பெரும்பாலோர் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டியிருக்கும். ஆகவே இங்கே ‘ஆயுதம் ஏந்திய தற்காப்பு’ என்றால் அடுப்படிக் கத்தி, தேங்காய் வெட்டும் அரிவாள், இரும்புக் குழாய், கிரிக்கெட் மட்டை, மிளகாய்ப் பொடி. வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் உரிய கருவிகளுக்கு உரிமம் தேவையில்லை. 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ கொண்ட கத்தியும் வாளும் வேறு கணக்கு. உரிமமில்லாத துப்பாக்கியால் ஒருவர் தன் உயிரைக் காத்துக்கொண்டால் தற்காப்பு வாதம் செத்துப்போவதில்லை. ஆயுதச் சட்ட வழக்கு மட்டும் தனியாக நிற்கும்.

துப்பாக்கியோடு நாம் அன்றாடம் பார்க்கிற தனிநபர் ஒருவர் உண்டு: ஏடிஎம்முக்குப் பணம் கொண்டுபோகும் வண்டியின் காவலர், பெரும்பாலும் ஓய்வுபெற்ற ராணுவத்தினர். பணப் போக்குவரத்துக்கான 2018 விதிகள் ஒரு வண்டிக்கு இரண்டு ஆயுதக் காவலர்களைக் கேட்கின்றன. நகரத்தில் இரவு 9 மணிக்கு மேல் பணம் நிரப்பக் கூடாது என்கின்றன. அம்பத்தூர் தொழிற்பேட்டைச் சாலைகளில் அந்த வண்டிகளைத் தினமும் காணலாம். அந்தக் காவலர் போலீஸ் இல்லை. அவருக்கு உள்ளது உங்களுக்கும் எனக்கும் உள்ள அதே தனிநபர் தற்காப்பு உரிமைதான். “தள்ளி நில்லு, இது கேஷ் வண்டி” என்று அவர் உரக்கச் சொல்லும் வார்த்தை அவருக்குக் கவசம். அதைப் பயிற்சியில் சொல்லித்தர வேண்டும். துப்பாக்கியைத் துடைக்கச் சொல்லித்தருவதுபோல.

இனி, சொல்லும் சொல் எது என்ற கேள்வி. பயமும் கோபமும் சேர்ந்த நேரத்தில் நம் வாயில் வருவது என்ன? “வெட்டிருவேன்”, “போட்ருவேன்”, “கிட்ட வந்தே, வகுந்துருவேன்”, “உன்ன உயிரோட விடமாட்டேன்டா.” எச்சரிக்கை என்றே நினைத்துத்தான் சொல்கிறோம். தமிழ்நாட்டுக் காவல் நிலையம் ஒன்றில் அடிதடிப் புகார் எழுதப்படுவதைப் பார்த்தவர்களுக்கு, அந்தச் சொற்கள் எங்கே போய்ச் சேரும் என்று தெரியும். 294(பி), 323, 324, 506(2) என்ற வரிசை நம் முதல் தகவல் அறிக்கைகளில் அச்சு வார்த்ததுபோல் வரும். ஆபாசமாகத் திட்டினார், கையால் அடித்தார், ஆயுதத்தால் காயப்படுத்தினார், கொலைமிரட்டல் விடுத்தார். இன்று அந்த எண்கள் 296, 115(2), 118(1), 351(3) ஆகியிருக்கின்றன; வாசகம் மாறவில்லை. கொலைமிரட்டலுக்கு ஏழு ஆண்டு வரை சிறை. தாக்க வந்தவன் முதலில் காவல் நிலையத்துக்கு ஓடிவிட்டால், நீங்கள் உயிர்ப் பயத்தில் கத்திய சொல் அவன் புகாரில் முதல் வரியாகிவிடும்.

சட்டப்படி இதற்கு மறுமொழி இருக்கிறது, வலுவாகவே இருக்கிறது. மிரட்டல் குற்றமாக வேண்டுமானால், கேட்டவரைக் கலங்கவைக்கும் நோக்கம் இருக்க வேண்டும். அல்லது அவர் சட்டப்படி செய்யக் கடமைப்படாத ஒன்றைச் செய்யவைக்கவோ, செய்ய உரிமையுள்ள ஒன்றைத் தடுக்கவோ அந்த மிரட்டல் விடப்பட்டிருக்க வேண்டும். இரவில் என் வீட்டுக்குள் நுழைய யாருக்கும் உரிமை இல்லை. வெளியே போவது அவர் கடமை. “வெளியே போ, இல்லாவிட்டால் அடிப்பேன்” என்று சொல்வது அவரது எந்த உரிமையையும் பறிக்கவில்லை. அடிப்பதே தற்காப்பில் குற்றமில்லை என்னும்போது, அடிப்பேன் என்று சொல்வது எப்படிக் குற்றமாகும்? வாய் வார்த்தையாக மட்டும் நின்ற மிரட்டல் 506(2)-க்குப் போதாது, அது மெய்யானதாக இருக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் நோபிள் மோகன்தாஸ் வழக்கில் 1980-களின் இறுதியிலேயே சொல்லிவிட்டது. கலங்கவைக்கும் நோக்கம் இல்லாமல் சொற்கள் மட்டும் போதாது என்று உச்ச நீதிமன்றமும் 2015-இல் மாணிக் தனேஜா வழக்கில் சொன்னது.

ஆனால் இந்த மறுமொழியெல்லாம் உயர் நீதிமன்றத்தில் வழக்கை ரத்துசெய்யக் கேட்கும்போது கிடைப்பது. அம்பத்தூர் நீதிமன்றத்தில் வாய்தா வாய்தாவாக அலைகிறவருக்கு அது வந்துசேர ஆண்டுகள் ஆகலாம். அதனால்தான் சொல்லின் உள்ளடக்கம் முக்கியம் என்கிறேன். என்ன செய்துவிடுவேன் என்பதைவிட, நீ என்ன செய்தால் இது நிற்கும் என்பதைச் சொல்லும் சொல்தான் எச்சரிக்கை. “நில்லு. கிட்ட வராதே. வெளியே போ. போலீஸுக்குச் சொல்லியாச்சு.” இதில் எதிராளிக்கு வழி இருக்கிறது. அக்கம்பக்கத்தில் கேட்டவர்கள் சாட்சி சொல்லும்போதும் அப்படியே சொல்ல முடியும். “வெட்டிருவேன்” என்பதில் வழி இல்லை, சவால் இருக்கிறது. குடிபோதையில் இருப்பவன் சவாலுக்குப் பதில் சொல்லவே வருவான். நமது சண்டைகளில் பாதி, முதல் ஆள் கையை ஓங்குவதால் அல்ல, முதல் ஆள் சொன்ன சொல்லுக்கு இரண்டாம் ஆள் மானத்துக்காக முன்னால் வந்ததால் கொலையில் முடிந்தவை என்பது என் கணிப்பு.

சில நேரங்களில் சொல்லுக்கு நேரமே இருக்காது. 2019 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் கடையம் அருகே, அரிவாளோடு வந்த முகமூடிக் கொள்ளையர்களை ஒரு வயதான தம்பதி செருப்பையும் பிளாஸ்டிக் நாற்காலியையும் வீசி விரட்டினார்கள். கண்காணிப்புக் கேமராப் பதிவை நாடே பார்த்தது. அரசு சுதந்திர தினத்தில் வீர விருது கொடுத்துப் பாராட்டியது. கழுத்தில் துண்டு இறுகிய பெரியவர் எதையும் சொல்லியிருக்க முடியாது. அவர் மனைவி ஓடிவந்ததும் கைக்குக் கிடைத்ததை எறிந்ததும் முழுக்கச் சட்டத்துக்குள் வருபவை.

துப்பாக்கி வைத்திருப்பவர்கள் இன்னொரு வகை எச்சரிக்கையை நம்புகிறார்கள்: வானத்தைப் பார்த்து ஒரு வேட்டு. இதை நான் வன்மையாக எதிர்க்கிறேன். மேலே போன குண்டு எங்கோ இறங்கும். 2021 டிசம்பர் 30 அன்று புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலைப் பகுதியில் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையினர் பயிற்சித் தளத்தில் சுட்டுப் பழகியபோது, வெகுதூரம் தள்ளித் தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் குண்டு பாய்ந்தது. 2022 ஜனவரி 3-இல் அவன் இறந்தான். அது மலையடிவாரம், பயிற்சிக்கென ஒதுக்கிய இடம். கொரட்டூரின் அடுக்குமாடிகளுக்கும் பட்டாபிராமின் தகரக் கூரைகளுக்கும் நடுவே வானத்தைச் சுடுவது எதில் போய் முடியும்? கும்பலுக்குள் குழந்தைகள் கலந்திருந்தாலும், சுடாமல் உயிர்பிழைக்க வழியே இல்லாதவர் சுட்டால் குற்றமில்லை என்று 44-ஆம் பிரிவு தன் விளக்கத்தில் சொல்கிறது. வழியே இல்லை என்பதுதான் அதற்கு உயிர். வானத்தைப் பார்த்துச் சுட நேரம் இருந்தவருக்கு வேறு வழியும் இருந்ததே என்று அரசு வழக்கறிஞர் கேட்பார். அவர் கேட்பது நியாயம்.

தன் பக்கத்து ஆளையே குண்டு சாய்ப்பதும் உண்டு. மதுரவாயல் காவல் ஆய்வாளர் பெரியபாண்டியன், கொளத்தூர் நகைக்கடைக் கொள்ளைக் கும்பலைப் பிடிக்கப் போன இடத்தில், 2017 டிசம்பர் 13-இல் ராஜஸ்தானின் பாலி மாவட்டத்தில் இறந்தார். கும்பல் தாக்கிய குழப்பத்தில், உடன் வந்த சக ஆய்வாளரின் துப்பாக்கி தவறுதலாக வெடித்ததே காரணம் என்று ராஜஸ்தான் காவல்துறை கூறியது. பயிற்சி பெற்றவர்களின் கையிலேயே இப்படி நடக்கிறது.

எச்சரிக்கவே தோன்றாதவரின் கதையும் சென்னையில் இருக்கிறது. 2011 ஜூலை 3 அன்று தீவுத்திடல் அருகே ராணுவக் குடியிருப்பு வளாகத்துக்குள் பாதாம் காய் பறிக்கச் சுவரேறிப் போன 13 வயதுச் சிறுவன் சுட்டுக் கொல்லப்பட்டான். சுட்டவர் அங்கே குடியிருந்த ஓய்வுபெற்ற லெப்டினன்ட் கர்னல். துப்பாக்கி கூவத்தில் வீசப்பட்டிருந்தது. 2012 ஏப்ரலில் விரைவு நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. பட்டப்பகல், கையில் ஆயுதமில்லாத சிறுவன், மரத்துக் காய். “யார்ரா அது, இறங்கு” என்ற ஓர் அதட்டலுக்கு அந்தப் பிள்ளை சுவரேறி ஓடியிருப்பான். என் வாதத்துக்கு இதைவிட வேறு ஆதாரம் தேவையில்லை.

இப்போது சீருடைக்கு வருவோம். குடிமகனுக்கு எச்சரிக்கை சூழலைப் பொறுத்தது. காவல்துறைக்கு அது கடமை. சட்டவிரோதக் கூட்டத்தைக் கலைக்கும்போது எச்சரிக்கை, கண்ணீர்ப்புகை, தடியடி, கடைசியில்தான் துப்பாக்கி என்று தமிழ்நாடு காவல் நிலையாணைகள் படி வைத்திருக்கின்றன. 1990-இல் ஹவானாவில் ஐ.நா. மாநாடு ஏற்ற அடிப்படைக் கோட்பாடுகளும், அதிகாரி தன்னை யாரென்று தெரிவித்து, கேட்பவர் பணிய அவகாசம் தந்து எச்சரித்த பிறகே சுட வேண்டும் என்கின்றன. அப்படிச் செய்வது உயிருக்கே ஆபத்தாகும் நிலைமைக்கு மட்டும் விலக்கு. 2018 மே மாதம் தூத்துக்குடியில் 13 பேர் சுட்டுக் கொல்லப்பட்டதை விசாரித்த நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. இந்தப் படிகள் அன்று பின்பற்றப்படவில்லை என்பது அதன் கண்டறிதல்களில் முக்கியமானது.

‘என்கவுன்ட்டர்’ என்று நாம் சொல்லும் சாவுகளில் ஒவ்வொரு முறையும் ஒரே கதை வருகிறது: சரணடையச் சொன்னோம், அவர்கள் தாக்கினார்கள், தற்காப்புக்காகச் சுட்டோம். அந்த ‘சரணடையச் சொன்னோம்’ என்ற எச்சரிக்கையைக் கேட்ட சாட்சி பெரும்பாலும் சுட்டவர்களே. அதனால்தான் 2014 செப்டம்பரில் பி.யூ.சி.எல். எதிர் மகாராஷ்டிர அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் வழிமுறைகளை வகுத்தது: ஒவ்வொரு சாவுக்கும் முதல் தகவல் அறிக்கை, சம்பந்தமில்லாத வேறு காவல் நிலையமோ சி.ஐ.டி.யோ நடத்தும் விசாரணை, நடுவர் விசாரணை. மணிப்பூர்க் கொலைகள் பற்றிய 2016 தீர்ப்பு, தற்காப்பும் பழிவாங்கலும் வேறு வேறு என்று பிரித்துக் காட்டியது. சோழவரத்து இளம்பெண் சட்டத்தின் முன் தானாக வந்து நின்றார். அதே ஊரில் சுட்ட சீருடைக்காரர்கள் அதைவிடக் குறைவான கேள்விகளோடு போய்விடக் கூடாது. அந்தப் பெண்ணை விடுவித்ததை மனமார வரவேற்கிறேன். ஆயினும் அதிகாரி ஒருவரின் நல்ல மனத்தால் அது நடந்ததாக இருந்துவிடக் கூடாது என்பதும் என் கவலை. விசாரணை அதிகாரி இறுதி அறிக்கையில் காரணங்களோடு எழுதி, நடுவர் அதை ஏற்பதுதான் முறையான பாதை. செய்தியில் இடம்பிடிக்காத கூலித் தொழிலாளிக்கும் அந்தப் பாதை திறந்திருக்க வேண்டும்.

அவருக்கு அது திறக்குமா என்பது சாட்சியத்தில் இருக்கிறது. தற்காப்பை நிரூபிக்கும் சுமை, பாரதிய சாட்சிய அதினியத்தின் 108-ஆம் பிரிவின்படி, அதைக் கோருபவர்மேல். ஆனால் அரசுத் தரப்பைப்போல ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை. அப்படி நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். அரசுத் தரப்புச் சாட்சிகளின் வாயிலிருந்தே அதை எடுத்துக் காட்டலாம். எல்லை மீறியது நல்லெண்ணத்தில் என்று தெரிந்தால், கொலைக் குற்றம் குறைந்து கொலையாகாத மரணம் விளைவித்தலாகிறது.

இங்கேதான் எச்சரிக்கைச் சொல் தொலைந்துபோகிறது. இந்தப் புறநகர்களில் தெருவுக்குத் தெரு கண்காணிப்புக் கேமரா இருக்கிறது. அவற்றில் மிகப் பல படத்தை மட்டும் பதிகின்றன, ஒலியை அல்ல. ஒருவர் அரிவாளை ஓங்கியது தெரியும்; அதற்கு முன் நான்கு முறை “போயிடுடா” என்று கெஞ்சியது தெரியாது. அந்தச் சொல் எதிர்வீட்டு அம்மாவின் காதிலும், 100-க்கோ 112-க்கோ போன அழைப்பிலும்தான் பதிவாகியிருக்கும். அழைப்புக்கு நேரம் குறிக்கப்படுகிறது. ‘அதிகாரிகளை நாட நேரம் இருந்ததா’ என்ற கேள்விக்கு அதுவே எழுத்தில் உள்ள பதில். பேச முடியாதவர்கள் ‘காவல் உதவி’ செயலியில் அழுத்தலாம்; அதுவும் நேரத்தைக் காட்டும்.

காயம் எவ்வளவு சின்னதானாலும் அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் விபத்துப் பதிவேட்டில் எழுதவைக்க வேண்டும். வழக்கறிஞர்கள் முதலில் கேட்பது அந்த ‘ஏ.ஆர். காப்பி’யைத்தான். குற்றம் சாட்டப்பட்டவர் உடம்பில் இருந்த காயங்களை அரசுத் தரப்பு விளக்காவிட்டால் அதன் கதையே சந்தேகத்துக்கு உரியதாகலாம் என்று உச்ச நீதிமன்றம் 1976-இல் லட்சுமி சிங் வழக்கில் சொல்லியிருக்கிறது. மனைத் தகராறில் மிரட்டல் தொடங்கிய நாளிலேயே புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். என்னும் ஏற்பு ரசீதை வாங்கி வைத்திருப்பவரின் நிலைமை, ஆறு மாதம் பொறுத்துப் பொறுத்துக் கடைசியில் குழாயைத் தூக்கியவரின் நிலைமையைவிட வெகுவாக மேல்.

அடிபட்டவனும் அடித்தவனும் ஆளுக்கொரு புகார் கொடுப்பதை இங்கே ‘கேஸ் கவுன்ட்டர்’ என்பார்கள். இரண்டையும் ஒரே அதிகாரி சேர்த்து விசாரித்து, எது உண்மை என்று முடிவுசெய்ய வேண்டும் என்பது காவல் நிலையாணை. நடைமுறையில் பல வழக்குகளில் இரண்டு பக்கமும் அதே கொலைமிரட்டல் பிரிவு ஒட்டப்பட்டு, இரண்டும் தனித்தனியே நடக்கின்றன. விசாரணை அதிகாரி அன்று மாலையே தெருவில் இறங்கி, முதலில் கத்தியது யார், என்ன சொன்னார், எத்தனை முறை சொன்னார், அதைக் கேட்டபின் எதிராளி நின்றாரா முன்னால் வந்தாரா என்பதைச் சாட்சிகள் சொன்ன சொல்லிலேயே எழுத வேண்டும். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 180-ஆம் பிரிவு சாட்சி வாக்குமூலத்தை ஒலி, ஒளிப் பதிவாகவும் எடுக்க இடம் தருகிறது. ‘கொலைமிரட்டல் விடுத்தார்’ என்ற ஆயத்த வாக்கியத்துக்குப் பதிலாக அந்தப் பதிவு கோப்பில் இருந்தால், “போயிடுடா” என்று சொன்னவரும் “வெட்டிருவேன்” என்று வந்தவரும் ஒரே பிரிவின் கீழ் நீதிமன்ற வராந்தாவில் நிற்க வேண்டியிருக்காது.